ஒரே பையில் நான்கு பொட்டலம்

என் கணவர் ஒரு டீ ஃபேக்டரியில் டீ மேக்கர். அவருக்கு வாசனை தெரியாது. இந்த இரண்டும் ஒரே ஆளைப் பற்றிய செய்தி என்று வெளியே தெரிந்தால் அன்றோடு எங்கள் பிழைப்புக்கு முழுக்கு.

டீ மேக்கருக்கு மூக்கு எதற்கு என்று கீழ்நாட்டில் இருக்கும் என் தங்கைகூடக் கேட்டாள். கோபம் வந்தாலும் விளக்கிச் சொன்னேன். பறித்த இலையை வாட்டி, மெஷினில் அரைத்து, ஈரத் தூளாகப் பரப்பி வைப்பார்கள். காற்றுப் பட்டு அந்தத் தூள் பச்சை நிறம் மாறிச் செம்பு நிறத்துக்கு வரும். பச்சை வாடை போய் ஒரு பழுத்த வாசம் ஏறும். அந்த வாசம் ஏறின நேரத்தில் தூளை டிரையருக்கு அனுப்பிவிட வேண்டும். முந்தினால் டீ கசந்து தொண்டையைப் பிடிக்கும். பிந்தினால் சப்பென்று போய்விடும். நிறத்தைக் கண்ணால் பார்க்கலாம், கடிகாரத்தையும் பார்க்கலாம். ஆனால் வெயில் நாளுக்கு ஒரு நேரம், மழை நாளுக்கு ஒரு நேரம், பனிக்கு வேறு நேரம். இதையெல்லாம் தாண்டி "இப்போ" என்று சொல்வது மூக்குதான்.

அந்த மூக்கை ஒரு காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் போனது, இருமல் போனது, வாசனை மட்டும் திரும்பவில்லை. கோயமுத்தூரில் பார்த்த டாக்டர், வந்தால் வரும், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று நான் வெளியே வந்து வராந்தாவிலேயே சத்தம் போட்டேன். என் கணவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவரும் அழுதுகொண்டுதான் இழுத்தார்.

அதற்குப் பிறகு நான்தான் மூக்கு. எங்கள் குவார்ட்டர்ஸ் ஃபேக்டரிக்குப் பின்னாலேயே இருந்ததால் இது நடந்தது. ஈரத் தூளில் ஒரு பிடி அள்ளி டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு, காப்பி குடிக்க வருகிறவர் மாதிரி வருவார். நான் மூடியைத் திறந்து முகர்ந்து "இன்னும்" என்பேன், இல்லாவிட்டால் "ஆச்சு" என்பேன். முதலில் அவர் வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்தார்: இது பச்சை, இது பாதி, இது தாண்டிப்போனது. தான் முகர முடியாததை ஞாபகத்திலிருந்து சொல்லிக் கொடுத்தார். பால் அடிப்பிடித்த வாடைகூடத் தெரியாதவள் என்று மாமியாரிடம் பேர் வாங்கியவள் நான். ஒரு ஃபேக்டரியின் டீ என் மூக்கு நுனியில் நிற்கிறது என்று நினைத்து ஒவ்வொரு டப்பாவையும் இரண்டு தடவை முகர்வேன்.

மகள் கீழே காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். எங்களுக்கு வேறு வீடு கிடையாது. அவருக்கும் வேறு தொழில் தெரியாது.

இந்த நிலையில்தான் வருஷா வருஷம் போகிற நடைக்கு அவருடைய சிநேகிதர் கூப்பிட்டார்.

சிநேகிதர் என்றால் ஒரே தட்டில் சாப்பிட்டவர். இரண்டு பேரும் ஒரே ஃபேக்டரியில் ஒன்றாகத் தொழில் கற்றவர்கள். என் கணவர் வயதில் மூத்தவர் என்பதால் அவர் "அண்ணா" என்பார், என்னை "அண்ணி" என்பார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு ஃபேக்டரியில் அவர் டீ மேக்கர். இரண்டு ஃபேக்டரிக்கும் முதலாளி ஒருவரே. எங்கள் டீ இப்போதெல்லாம் ஏலத்தில் எடுபடவில்லை என்று முதலாளி அவரிடம் குறைப்பட்டுக்கொண்டதாக ஏற்கெனவே காதுக்கு வந்திருந்தது. எங்கள் நாற்காலி காலியானால் அதில் யாரை உட்கார வைப்பார்கள் என்று யோசிக்க ராத்தூக்கம் கெட வேண்டியதில்லை.

பனி விழும் மாதங்களில் இலை கருகி வரத்துக் குறையும். மெஷின் வேலைக்காக ஃபேக்டரியை ஓரிரண்டு நாள் நிறுத்துவார்கள். அதில் ஒரு நாள் இரண்டு குடும்பமும் கீழ் கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் வழியாக நடந்து, ஒரு பாறையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுவிட்டு வருவோம். சாப்பிட்டதும் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு. ஆளுக்கு இரண்டு பொட்டலம் டீ கொண்டுவருவார்கள். ஒன்று சொந்த ஃபேக்டரி, ஒன்று வேறு எங்காவது வாங்கினது. பொட்டலத்தில் பேர் இருக்காது. நாலையும் ஒரே பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிடுவார்கள். நான் பொட்டலங்களை வரிசை மாற்றி, பால் சேர்க்காமல் தனித்தனியாகப் போட்டுத் தர, ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு எது எந்த ஃபேக்டரி என்று சொல்ல வேண்டும். மூத்தவர் முதலில் ருசிப்பார். இத்தனை வருஷத்தில் என் கணவர் தப்பாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

போன வருஷம் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லித் தப்பித்தோம். இந்த வருஷமும் மறுத்தால் சந்தேகம் வரும். "போயிடலாமுங்க, நான் இருக்கறனல்ல" என்றேன். திட்டம் போட்டோம். டீ போடும்போது நான் முகர்ந்து பார்த்துவிடுவேன். எங்கள் டீ என்றால் தாலிக்கயிற்றைச் சரிசெய்வேன். சிநேகிதருடையது என்றால் முந்தானையைத் தோளில் இழுத்துவிடுவேன். மற்றது என்றால் சும்மா இருப்பேன். அவருடைய ஃபேக்டரி டீயை ஒரு கடையில் வாங்கிவந்து வாரம் முழுக்க முகர்ந்து பழகினேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நடைக்குப் போகிற அன்று காலையில் எழுந்தால் எனக்கு மூக்கு அடைத்திருந்தது.

முந்தின நாள் மாலை பனியில் நின்று துணி அலசியது நான்தான். யாரைத் திட்டுவது? அடுப்படியில் பெருங்காய டப்பாவைத் திறந்து முகர்ந்தேன், ஒன்றுமில்லை. பூண்டைத் தட்டி முகர்ந்தேன், ஒன்றுமில்லை. அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "ரெடியா புள்ள?" என்றார். முகம் வெளுத்துப் போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெயிலில் நடந்தால் மூக்கு திறந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புறப்படும்போது தைல பாட்டிலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஊட்டிக்காரி வீட்டில் யூகலிப்டஸ் தைலத்துக்கா பஞ்சம்?

அன்றைக்கு அடித்த வெயிலை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. ஒரு மேகம் கிடையாது. பள்ளத்தில் பனியில் கருகின செடிகள் பழுப்பாக நிற்க, அதற்கு மேலே சரிவு முழுக்கப் பச்சை பளபளத்தது. தூரத்தில் சமவெளி தெரிந்தது. டூரிஸ்ட்டுகள் காசு கொடுத்துப் பார்க்க வருகிற நாள். ரோட்டு முக்கில் அவர்கள் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். சிநேகிதர் சின்ன கேஸ் அடுப்பைத் தோளில் மாட்டியிருந்தார். தன் இரண்டு பொட்டலத்தை எங்கள் பையில் போட்டார். "அண்ணி, பொட்டலத்தக் கலக்கி வெச்சுருங்க. அண்ணன் கண்ணுல காட்டாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

ஆண்கள் முன்னால் நடந்தார்கள். நானும் சிநேகிதர் மனைவியும் பின்னால். அவள் நல்ல பெண். ஃபேக்டரி சமாசாரம் எதுவும் தெரியாது, காப்பிதான் குடிப்பாள். வழியெல்லாம் தன் மகளை இந்தப் பள்ளியில் போடலாமா அந்தப் பள்ளியில் போடலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் "ம்" போட்டுக்கொண்டே மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். வழியில் காட்டெருமைச் சாணம் கிடந்தது, புதுசு. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். எனக்கு எதுவுமில்லை. சாணத்துக்குப் பக்கத்தில் நின்று நான் ஆழமாக மூச்சு இழுத்ததை அவள் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாளோ.

முன்னால் போன என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். என்னை நம்பித்தான் அந்தச் சிரிப்பு. எனக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழலாம் போலிருந்தது.

ஒதுங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் போனேன். தைலத்தைக் கைக்குட்டையில் கொட்டி மூக்கில் வைத்து இழுத்தேன். கண்ணில் நீர் வந்தது, உள்ளே ஜிலீரென்று ஏறியது, ஆனால் மணம் இல்லை. மறுபடி இழுத்தேன். தொண்டைவரை குளிர்ந்தது, அவ்வளவுதான். "அக்கா, வாங்க" என்று அவள் குரல் கேட்டது. பதறிப்போய் பாட்டிலை மூடி, கைக்குட்டையோடு சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

டீ எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் டீ டப்பா இருக்கிற அலமாரியில் சோப்புக்கூட வைக்க மாட்டோம். மகள் சின்ன வயதில் பவுடர் டப்பாவை அங்கே வைத்ததற்கு அவளுக்கு நானே அடி கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் அந்தப் பைக்குள் அதைப் போட்டேன். ஏன் போட்டாய் என்று கேட்டால், அந்த நிமிஷத்தில் எனக்கு மூக்கு மட்டும்தான் நினைப்பில் இருந்தது. பை ஒன்று இருப்பதும், அதற்குள் பொட்டலம் இருப்பதும் மனசில் இல்லை.

பாறைக்குப் போய்ச் சேர உச்சி வெயில் ஆகிவிட்டது. அவள் அரிசிம்பருப்பு சாதம் கொண்டுவந்திருந்தாள், நெய் ஊற்றிப் பிசைந்தது. நான் அவரைக்காய் பொரியலும் முட்டையும் கொண்டுபோயிருந்தேன். சாப்பிடும்போது அவர்கள் இரண்டு பேரும் பழைய கதை பேசினார்கள். தொழில் கற்ற காலத்தில் டிரையரில் உருளைக்கிழங்கு சுடப்போய் சூப்பர்வைசரிடம் மாட்டின கதை. என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சோறு மண்ணாக இருந்தது. அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு நாள்கூட அவர் என் சமையலைக் குறை சொன்னதில்லை.

"அண்ணி, ஆரம்பிக்கலாமுங்களா?" என்றார் சிநேகிதர்.

அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் கொதிக்க விட்டேன். பையைத் திறந்தேன். பொட்டலத்தின் காகிதம் லேசாக ஈரமாக இருந்தது. தண்ணீர் பாட்டில் கசிந்திருக்கிறது என்று நினைத்தேன். நாலு டம்ளரில் நாலு டீயும் போட்டு வடிகட்டினேன். குனிந்து ஒவ்வொன்றாக முகர்ந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. வெந்நீரை முகர்ந்தாலும் அதேதான். எந்த சாமியைக் கூப்பிடுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஜாடை காட்ட வேண்டிய கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

என் கணவர் முதல் டம்ளரை எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சினார்.

அப்புறம் கண்ணை மூடினார். துப்பவில்லை. வெகுநேரம் வாயில் வைத்திருந்துவிட்டு விழுங்கினார். கண்ணைத் திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

"பனி வாசம்டா" என்றார். "தொண்டையில குளுகுளுன்னு நிக்குது பாரு. எத்தன நாளாச்சு இப்படிக் குடிச்சு. இது உங்க ஃபேக்டரி."

பனிக்காலத்து இலையில் ஒரு தனி மணம் உண்டு. அதற்காகவே அந்த மாதத்து டீயைத் தேடி வாங்குவார்கள். அவர் அதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வந்துவிட்டது, அவருக்கு வாசனை திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

சிநேகிதர் அதே டம்ளரிலிருந்து தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டார். வாய்க்குக் கொண்டுபோனவர் நடுவிலேயே நிறுத்தினார். மறுபடி கொண்டுபோய் உறிஞ்சினார். முகம் ஒரு மாதிரி ஆனது. டம்ளரைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். பக்கத்தில் அவர் மனைவி, "என்னங்க, இது..." என்று ஆரம்பித்தாள். "நீ சும்மா இரு" என்றார். அவளிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு அவரும் துப்பாமல் விழுங்கினார். "ஆமாங்கண்ணா" என்றார். "எங்களுதேதான்."

அந்த டம்ளரை மிச்சம் வைக்காமல் குடித்தார். அடுத்த மூன்றும் அப்படியே நடந்தது. என் கணவர் வாய் நிறையப் பேசினார். இது அந்த ஊர்ப் பக்கம், இது கொஞ்சம் முந்தி எடுத்துட்டாங்க, இது நம்முது என்றார். எல்லாவற்றுக்கும் சிநேகிதர், "ஆமாங்கண்ணா. சரிங்கண்ணா" என்றார். ஒன்றுக்குக்கூட எதிர்ப்பேச்சு இல்லை. முன்னெல்லாம் இரண்டு பேரும் ஒரு டம்ளருக்கு ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள்.

நானும் அவளும் பாத்திரம் கழுவ ஓடைக்கு இறங்கினோம். அவள் டம்ளரை மண் போட்டுத் தேய்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, தைலம் எதாச்சும் பையில கொட்டிருச்சுங்களா? நாலு டீயும் அப்படி நாறுச்சு. பக்கத்துல உக்காந்ததுக்கே எனக்குத் தல வலிக்குது. ஊட்டுல நான் நெத்தியில விக்ஸ் தேச்சுட்டு டீ போட்டாலே அவரு டம்ளர வீசிருவாரு. இன்னிக்கு ரெண்டு பேரும் இப்படிக் குடிக்கறாங்க, ஏனுங்க்கா?"

நான் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பாட்டில் மூடி தனியாக விழுந்தது. பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை.

அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவருக்கு எதுவும் திரும்பி வரவில்லை. தைலத்தின் குளிர்ச்சியைத்தான் அவர் பனி வாசம் என்று நினைத்திருக்கிறார். சிநேகிதருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. யார் கண்ணில் படக்கூடாது என்று ஒரு வருஷம் ஒளித்து வைத்தேனோ, அவர் வாயிலேயே நான் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறேன்.

மேலே வந்தபோது சிநேகிதர் அடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டு முக்குவரை அவர் அதிகம் பேசவும் இல்லை. பிரியும்போது, "அண்ணா, நாளைக்கு இலை வருதல்லங்க? நான் சும்மா ஒரு எட்டு உங்க ஃபேக்டரிப் பக்கம் வரட்டுங்களா?" என்றார்.

"வாடா, இதுக்கெல்லாம் கேக்கோணுமா?" என்றார் இவர்.

அவர் உதவி செய்ய வருகிறாரா, கண்ணால் பார்த்துவிட்டு முதலாளியிடம் சொல்ல வருகிறாரா? அவர் குரலில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. 

நாங்கள் இரண்டு பேரும் வீட்டுப் பக்கம் நடந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. அவர் கையை வீசிக்கொண்டு நடந்தார். காய்ச்சலுக்கு முந்தின ஆள் மாதிரி இருந்தார். வழியில் ஒரு கொழுந்தைக் கிள்ளி விரலில் கசக்கி முகர்ந்தார். "லேசாத் தெரியற மாதிரி இருக்குது" என்றார். "நாளைக்கு நீ செரமப்பட வேண்டாம் புள்ள. டப்பா எல்லாம் வேண்டாம். நானே பாத்துக்கறேன். அவனும் வர்றானல்ல, அவன் முன்னாடி நானே நின்னு பாக்கறேன்."

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். ஒரு இரவாவது அவர் சந்தோஷமாகத் தூங்கட்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் நாளைக்குக் காலையில் அந்த மனிதர் முன்னால் ஈரத் தூளை அள்ளி முகர்ந்து, இவர் வாய்க்கு வந்ததைச் சொல்லப்போகிறார்.

"ஏனுங்க, நில்லுங்க" என்றேன். "அந்த டீயில தைலம் ஏறிருச்சுங்க."

"எந்த டீயில?"

"நாலுலயும்."

அவர் சிரித்தார். "போ புள்ள. அவன் குடிச்சானே."

"குடிச்சாருங்க."

"மிச்சம் வெக்காம முழுசாக் குடிச்சானே..."

அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். கசக்கின கொழுந்து கையிலேயே இருந்தது.

"அப்ப எனக்குத் தெரிஞ்சது?"

"தைலமுங்க. அது குளிருமல்லங்க."

எஸ்டேட் வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் அவரைப் பார்த்து வணக்கம் வைத்தார். இவரும் கையைத் தூக்கினார். வண்டி வளைவில் மறைந்ததும் என்னைப் பார்த்தார்.

"தைலம் எப்படி பையில வந்துச்சு?"

"காலையில இருந்து எனக்கு மூக்கு அடைச்சுக்கெடக்குதுங்க. ஒண்ணும் தெரியலீங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு பேருக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு இலை வருது" என்றார். "உனக்கு மூக்கு எப்பத் திறக்கும்?"